பசை காயாத முன்கண்ணாடி

மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் அடுக்கி வைக்கிற கிடங்குகளின் தெருவில், ஒரு பழைய கிடங்கின் முன்பாதி எங்களுடையது. கடை என்று பெயர்ப்பலகை இருக்கிறதே தவிர, வாங்க வருகிறவர் யாரும் கிடையாது. கார் விற்கிற ஷோரூம்களுக்கு நாங்களே போய் அவர்கள் வண்டிகளின் முன்கண்ணாடியைச் சரி செய்துகொடுப்பதுதான் தொழில். கல் பட்டுச் சின்னதாகத் தெறித்திருந்தால் பிசின் ஏற்றி அடைப்போம். விரிசல் ஓடியிருந்தால் கண்ணாடியையே மாற்றுவோம். கலூரில் பழைய கார் விற்கிற ஒருவர், ஆலுவாவில் ஒருவர், இடப்பள்ளியில் ஒரு பெரிய ஷோரூம். இடப்பள்ளிதான் எங்களுக்குச் சோறு. மற்ற இரண்டும் தொட்டுக்கொள்ளத்தான்.

தொழிலை ஆரம்பித்தவர் என் கணவர். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நெஞ்சு கரிக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கடையை மூடிவிடுவேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். பெண்பிள்ளை கண்ணாடி தூக்குவாளா என்று என் காதுபடவே பேசினார்கள். கண்ணாடி தூக்குவது நானில்லை. அதற்கு அவர் காலத்திலிருந்தே கூட இருக்கிற மூத்த வேலையாள் இருக்கிறார், சேட்டன் என்று கூப்பிடுவோம், அவருக்குக் கீழே இரண்டு பேர் இருக்கிறார்கள். என் வேலை பேசுவது, பேரம் செய்வது, துடைப்பது, சண்டை போடுவது. கடைசியில் சொன்னது எனக்கு நன்றாகவே வரும்.

பத்தாம் நாள் அன்று நான் போட்ட சண்டையை இன்னமும் எங்கள் உறவில் சொல்லிச் சொல்லிக் காட்டுகிறார்கள். என் நாத்தனார் நாலைந்து பெண்களோடு வந்து, தாலியைக் கழற்றின கையோடு பொட்டையும் எடுக்க வந்தாள். தாலி அவர் கட்டியது, போகட்டும். பொட்டு நான் பாவாடை கட்டாத வயதிலிருந்து வைத்துக்கொண்டிருப்பது. நெற்றியைக் கையால் பொத்திக்கொண்டு கத்தினேன்.

"என்னை என்னன்னு நெனச்சீங்க எல்லாரும்?"

அவ்வளவுதான், வீடே அடங்கிப்போனது. அதற்குப் பிறகு குளித்ததும் விபூதி, அதற்குக் கீழே ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு, இரண்டும் இல்லாமல் நான் வாசலைத் தாண்டியதில்லை. ஆயுத பூஜைக்குக் கடையில் விளக்கேற்ற யாராவது ஒரு சுமங்கலியைக் கூப்பிடலாமே என்றார்கள். கூப்பிடுங்கள், கரண்ட் பில்லையும் அவளே கட்டட்டும் என்று சொல்லிவிட்டு நானே ஏற்றினேன்.

இவ்வளவு வாய் பேசுகிறவளுக்கும் ஒரு நாள் அடி விழுந்தது. கலூரில் நல்ல மழை. வேலை முடிந்து பக்கெட்டும் துணியுமாக வெளியே வருகிறேன், பொட்டு எங்கேயோ விழுந்துவிட்டது எனக்குத் தெரியாது. ஒரு பெரியவர் மகனோடு கார் வாங்கி, அப்போதுதான் கிளம்புகிறார்கள். தமிழ்க்காரர்கள். அவர் என் நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். மகனிடம் வண்டியை அணைக்கச் சொன்னார். இறங்கி, உள்ளே போய் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். கொச்சியில் பொட்டில்லாத நெற்றி ஒன்றும் அபூர்வம் இல்லை, பாதிப் பேர் வைப்பதில்லை. ஆனால் வெறும் விபூதி மட்டும் இருந்தால் தமிழனுக்கு விளக்கம் வேண்டாம். வேனில் உட்கார்ந்து அந்தக் கிழவரை மட்டாஞ்சேரி வந்து சேரும்வரை திட்டினேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

இதையெல்லாம் இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

போன ஆவணி முதல் தேதி. மலையாளிகளுக்கு அன்று சிங்கமாதப் பிறப்பு, புது வருஷம். புது வண்டி எடுக்க அதைவிட நல்ல நாள் கிடையாது என்பதால் ஷோரூம்களில் கோவிலைவிடக் கூட்டம் இருக்கும். விடிந்தும் விடியாமலும் இடப்பள்ளி மேனேஜரிடமிருந்து போன். பின்பக்க மதிலை ஒட்டி நிற்கும் தென்னையிலிருந்து ஒரு மட்டை, அன்று கொடுக்கவேண்டிய புது வண்டிமேல் விழுந்து, முன்கண்ணாடியில் குறுக்கே விரிசல் ஓடிவிட்டது. அந்த நிறத்தில் வேறு வண்டி கையில் இல்லை. எப்படியாவது மாற்றித் தரவேண்டும் என்றார்.

மாற்றலாம், ஆனால் பசை பிடிக்கிறவரை வண்டி அசையக்கூடாது என்றேன். சீக்கிரம் பிடிக்கிற பசை எங்களிடம் தீர்ந்திருந்தது, வழக்கமான பசைதான் இருந்தது. மறுநாள் காலையில் கொடுத்தால் நிம்மதி, ரொம்ப அவசரமென்றால் அன்று இருட்டிய பிறகு கொடுக்கலாம் என்று தெளிவாகச் சொன்னேன். சரி சேச்சி, சாயங்காலமாகக் கொடுத்துக்கொள்கிறோம் என்றார் அவர். அந்த வார்த்தையை நம்பித்தான் வேனை எடுத்தோம்.

புது வண்டிக்குக் கண்ணாடி மாற்றியதை வாங்குகிறவரிடம் சொல்வார்களா மாட்டார்களா என்று நான் கேட்டதில்லை. அது அவர்கள் வியாபாரம், நம் வேலை சுத்தமாக இருந்தால் போதும் என்பது என் கணவர் காலத்து வழக்கம். நானும் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன், அதில் எனக்கு வசதியும் இருந்தது.

சேட்டன் வேலையைக் குறை சொல்ல முடியாது. பழைய கண்ணாடியைக் கம்பி விட்டு அறுத்து எடுத்தார், விளிம்பைச் சுத்தம் செய்தார், பசையைச் சுற்றிலும் ஒரே கோடாக இழுத்தார், நாலு கையாகப் புதுக் கண்ணாடியை இறக்கினார்கள். மேலே இரண்டு இடத்தில் டேப் ஒட்டினார். கதவை ஓங்கிச் சாத்தினால் உள்ளே அடைபடும் காற்று கண்ணாடியைத் தள்ளும் என்பதற்காக ஜன்னல்களை ஒரு விரல் அளவு இறக்கி வைத்தார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே வண்டியின் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். சின்ன வயசுப் புருஷன் பெண்டாட்டி, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. தள்ளி நின்று வண்டியைப் பார்த்து அவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. பாலக்காட்டு அக்ரஹாரத் தமிழ். அந்தக் குழந்தை என்னைப் பார்த்துக் கையாட்டியது, நானும் துணியை ஆட்டினேன்.

பின்னால் போய் நாங்கள் சாயா குடித்துவிட்டு வருவதற்குள் வண்டியை அந்த இடத்தில் காணோம். ஷோரூம் ஆட்கள் டேப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு, முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, சிவப்புத் துணி போர்த்தி, பலூன் கட்டியிருந்தார்கள். நேராக மேனேஜர் அறைக்குப் போனேன்.

அவர் என் தம்பி வயசுப் பையன். நல்ல மாதிரி, ஒரு நாளும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. அவர்கள் நேரம் குறித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், பன்னிரண்டுக்குள் எடுக்கவேண்டுமாம், அடம் பிடிக்கிறார்கள், எனக்கு வேறு வழியில்லை என்றார். இங்கிருந்து நேராகப் பழனிக்குப் போகிறார்களாம். பழனிக்கு! பாலக்காடு வழியாக முழுக்க ஹைவே. நாளைக்கு எடுக்கச் சொல்லுங்கள், ஏதாவது காரணம் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். இந்த மாதக் கணக்கில் ஒரு வண்டி குறைந்தால் மேலே பதில் சொல்ல முடியாது என்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, ரொம்ப மரியாதையாக, இதைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை போனால் நம்முடைய தொடர்பு இன்றோடு முடிந்தது சேச்சி என்றார். அவரும் பாவம்தான். எனக்கு அன்று அதைப் பார்க்க நேரமில்லை.

வெளியே வந்தபோது அந்தப் பெண் முன் சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், குழந்தை மடியில் இருந்தது.

கண்ணாடி பார்ப்பதற்கு மட்டும் என்றால் அதை வீட்டு ஜன்னலில் மாட்டிக்கொள்ளலாமே என்பார் என் கணவர். வண்டி மோதினால் முன் சீட்டுக்காரருக்கான காற்றுப்பை மேல்நோக்கி வெடித்து வந்து, முன்கண்ணாடியில் முட்டி, அதன் பலத்தில்தான் ஆள் பக்கம் திரும்பும். பசை காயாத கண்ணாடி அந்த முட்டலைத் தாங்காது, பிய்த்துக்கொண்டு வெளியே போகும். பையும் அதோடு போகும். முன் சீட்டில் இருக்கிறவருக்குத் தடுப்பு என்று ஒன்றும் இருக்காது. மடியில் குழந்தை வேறு, அதை வைத்துக்கொள்வதே ஆபத்து. எதுவும் ஆகாமல் பழனி போய்ச் சேரலாம், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் பத்திரமாக இறங்குவார்கள். ஆனால் அந்த மீதி ஒன்று இந்தக் குழந்தையாக இருந்துவிட்டால்?

சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். எனக்கும் தோன்றியது. சேட்டனின் மகள் நர்சிங் படிக்கிறாள். மற்ற இரண்டு பேரும் கல்யாணம் ஆனவர்கள். கலூரையும் ஆலுவாவையும் வைத்துக்கொண்டு கிடங்கு வாடகைகூடக் கொடுக்க முடியாது. சொல்லாமலும் அந்த வண்டியை நிறுத்த வேண்டும், யார் மேலும் பழி வராமல் நிறுத்த வேண்டும். அப்போதுதான் அந்தக் கலூர்க் கிழவர் ஞாபகம் வந்தார்.

ஷோரூமின் கழிப்பறைக்குப் போனேன். கண்ணாடியில் என் முகம் ஜுரம் வந்த மாதிரி இருந்தது. பொட்டை நகத்தால் நெம்பி எடுத்தேன். பத்தாம் நாள் அத்தனை பேர் சேர்ந்து எடுக்க முடியாததை, ஒருவரும் கேட்காமல் நானே எடுத்தேன். அதைக் கீழே போட மனசு வரவில்லை, அந்தக் கண்ணாடியின் ஓரத்திலேயே ஒட்டினேன். கழுத்துச் செயினையும் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். விபூதியை மட்டும் விட்டு வைத்தேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் இது வேலை செய்யும் என்று நிச்சயமாக நம்பினேன். அந்தத் தமிழைக் காதால் கேட்டிருந்தேனே, குறித்த நேரத்தில் எடுக்கவேண்டும் என்று அடம் பிடிக்கிறவர்கள் சகுனம் பார்க்காமல் இருப்பார்களா?

பக்கெட்டும் துணியுமாக முன்பக்கம் வந்தேன். துணியை உருவியாகிவிட்டது, கேக் வெட்டியாகிவிட்டது, நாலு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம். அந்தப் புருஷன் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து இன்ஜினைப் போட்டான். நான் நேராக நடந்து போய், வண்டிக்கு எதிரே, கண்ணாடிக்கு நேராக நின்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். நெற்றியைப் பார்ப்பது தெரிந்தது. இன்ஜினை அணைத்தான். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

இறங்கி வந்தவன் சிரித்தான். போட்டோ எடுக்கிற ஆளைக் கூப்பிட்டு, இந்த மாமிதான் வந்ததிலிருந்து எங்கள் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், இவரும் படத்தில் இருக்கட்டும் என்றான். அதற்குள் அந்தப் பெண்ணும் குழந்தையோடு இறங்கி வந்துவிட்டாள், கையில் பூஜைத் தட்டு.

"மாமி, பொட்டு விழுந்துடுத்து பாருங்கோ. குங்குமம் எடுத்துக்கோங்கோ."

இதைக் கேட்க எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். ஒரு கல்யாணத்தில், ஒரு வளைகாப்பில், யாராவது ஒருத்தி தட்டை என் பக்கமும் நீட்டமாட்டாளா என்று ஓரமாக உட்கார்ந்திருந்த ஆள் நான். அது வந்ததே, வரக்கூடாத நாளில் வந்தது. விடாமல் கடைசியாக ஒரு முட்டு முட்டிப் பார்த்தேன். விழவில்லை மோளே, எனக்கு வீட்டுக்காரர் இல்லை என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்.

"அதுக்கென்ன மாமி" என்றாள் அவள். தட்டைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு, விரலால் குங்குமத்தைத் தொட்டு, என் நெற்றியில் தானே வைத்தாள். விரல் சில்லென்று இருந்தது. குழந்தை தானும் வைப்பேன் என்று கையை நீட்டி என் மூக்கில் பூசியது. எல்லோரும் சிரித்தார்கள். போட்டோக்காரர் படம் எடுத்தார்.

பிறகு அவள் திரும்பி, முன் கதவைத் திறந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரப் போனாள். நான் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"மோளே, ஏறாதே. இந்தக் கிளாஸ் இன்னிக்குக் காலையில நாங்க ஒட்டினது. பசை காயல. மோதினா தாங்காது. கொழந்தைய வச்சுக்கிட்டு இதுல போகாதே."

சொல்லி முடித்த பிறகுதான் மேனேஜர் பக்கம் பார்த்தேன். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். புருஷன்காரன் விளிம்பில் விரலை வைத்து அழுத்தினான், விரலில் கறுப்பாக ஒட்டியது. அதற்குமேல் நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. புது வண்டி என்று உடைந்த வண்டியை விற்றீர்களா என்று அவன் மலையாளத்தில் கேட்க ஆரம்பித்தான். மேனேஜர் உள்ளே போய்ப் பேசலாம் என்று கெஞ்சினார். மற்ற வண்டிகளுக்கு வந்தவர்களெல்லாம் கூடிவிட்டார்கள். கொடுத்த பணம் திரும்ப வந்தாக வேண்டும், இந்த வண்டி வேண்டாம் என்பதில் போய் முடிந்தது அது.

அந்தச் சத்தத்தின் நடுவில் அந்தப் பெண் என்னருகில் வந்தாள். அவள் அந்தக் கழிப்பறைக்குப் போயிருந்திருக்கிறாள். குழந்தையின் கையிலிருந்த குங்குமத்தைக் கழுவப் போயிருக்கலாம். அவள் முகம் மாறியிருந்தது.

"பொட்டைக் கண்ணாடில ஒட்டிட்டு, வேணும்னேதான் எதிர்க்க வந்து நின்னேளா?"

ஆமாம் என்றேன். பொய் சொல்ல அன்று என்னிடம் மிச்சம் ஒன்றும் இல்லை.

"நேரா சொல்லியிருந்தா கேட்டுண்டிருப்போமே மாமி. எங்களை என்னன்னு நெனச்சேள்?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன், அதில்தான் எனக்குப் பழக்கம். அவள் கண் கலங்கியிருந்தது. பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, நான் பேசாததைப் பார்த்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். குழந்தை அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எனக்குக் கையாட்டியது. திருப்பி ஆட்ட எனக்குக் கை எழவில்லை.

திரும்பி வரும் வழியில், தோப்பும்படி பாலம் ஏறுவதற்குள் மேனேஜரின் போன் வந்துவிட்டது. இனி வரவேண்டாம் என்றார், அதிகம் பேசவில்லை. வேனை ஓட்டிக்கொண்டிருந்த சேட்டனிடம் சொன்னேன். அவர் கியரை மாற்றி வண்டியைப் பாலத்தில் ஏற்றினார். பிறகு, கண்ணாடியைச் சரியாகத்தான் வைத்தேன் சேச்சி, அவர்கள்தான் காய நேரம் கொடுக்கவில்லை என்றார். தெரியும் சேட்டா என்றேன்.

அன்றிலிருந்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆலுவாப் பக்கம் இரண்டு இடத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன், ஒருவர் பார்க்கலாம் என்கிறார். கீழே இருந்த இரண்டு பேரில் ஒருவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், போகாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. செய்தது சரியா என்று யாராவது கேட்டால், சரி என்று உடனே சொல்வேன், கையில் அந்தக் குழந்தை நல்லபடியாகப் போனது என்ற ஒன்று இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் கிடைக்கவில்லை. பத்தாம் நாள் நான் கேட்டபோது என் நாத்தனாரும் இப்படித்தான் வாயடைத்து நின்றாள். அவளை அதற்காக நான் மன்னித்ததே இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன். மூக்கில் குழந்தை பூசியது தண்ணீரோடு போய்விட்டது. நெற்றியை மட்டும் நனைக்காமல் விட்டேன்.